உடம்பால் சங்கீதம் கேட்கச் சொன்னவர்

1892-ம் ஆண்டு. சுவிட்சர்லாந்து நாட்டின் ஜெனீவா நகரில் உள்ள சங்கீத கல்லூரிக்கு ஒரு புதிய ஆசிரியர் வந்தார். அவருக்கு வயது 27.

அவர் பெயர் எமில் ஜாக் டால்குரோஸ்.

அவருடைய மாணவர்கள் கெட்டிக்காரர்கள். விரல்கள் பியானோவில் பறக்கும். இலக்கணத்தைக் கேட்டால் தப்பில்லாமல் எழுதுவார்கள். ஆனால் தாங்கள் எழுதிய சுரங்கள் எப்படி ஒலிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை! தாளமும் தடுமாறியது.

டால்குரோஸ் திகைத்தார். 'காது கேட்காமல் கை மட்டும் வாசித்து என்ன பயன்?' என்று யோசித்தார்.

கால் தவறவில்லை

ஒருநாள் அவருக்கு ஓர் உண்மை புலப்பட்டது. வாசிக்கும்போது தாளம் தவறுகிற மாணவர், தெருவில் நடக்கும்போது தவறுவது இல்லை. சீராக அடி வைக்கிறார். அப்படியானால், தாளம் அவர் உடம்பிலேயே இருக்கிறது!

மாணவர்களை நாற்காலியில் இருந்து எழுப்பினார். அவர் பியானோ வாசிப்பார். அவர்கள் அதைக் கேட்டபடி நடக்கவேண்டும். வேகம் கூடினால் ஓடவேண்டும். அவர் குரல் கொடுத்ததும் சட்டென்று நிற்கவேண்டும். பிறகு, கை ஒரு தாளம் போட, கால் வேறு தாளம் போடவேண்டும். செய்து பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்.

மனம் இட்ட கட்டளை உடம்புக்குத் தாமதமாகப் போய்ச் சேருவதால்தான் பதற்றமும் களைப்பும் வருகின்றன என்பது அவர் முடிவு. ஆகவே மூச்சு விடவும், இறுகிய தசைகளைத் தளர்த்தவும் சேர்த்தே கற்றுக்கொடுத்தார். பயிற்சி பெற்றவர்களின் முகத்தில் மகிழ்ச்சி தெரிந்தது. இந்தப் பயிற்சிக்கு 'யூரித்மிக்ஸ்' என்று பெயர்.

எதிர்ப்பு

மாணவிகள் வெறுங்காலோடு, கை தெரிய உடுத்திப் பயிற்சி செய்தார்கள். ஜெனீவாவில் பலர் முகம் சுளித்தார்கள். கல்லூரியும் இதைப் பாடமாக ஏற்க மறுத்தது. செருப்பு போடாதது அவ்வளவு பெரிய குற்றமா என்று இன்று நமக்குத் தோன்றும். அந்தக் காலம் அப்படி!

ஜெர்மனி அவரை வரவேற்றது. டிரெஸ்டன் நகருக்கு அருகே ஹெல்லராவ் என்ற இடத்தில், அவருக்காகவே ஒரு பெரிய கலைக்கூடம் எழுந்தது. 1911-ல் அங்கே வகுப்புகள் தொடங்கின. 1912, 1913-ல் நடந்த விழாக்களைக் காணப் பல நாட்டுக் கலைஞர்கள் வந்தார்கள். கனவு பலித்துவிட்டது.

ஒரு கையெழுத்து

1914-ல் முதல் உலகப் போர் மூண்டது. ஜெர்மன் பீரங்கிகள் பிரான்சில் உள்ள ரீம்ஸ் நகரின் பழைய தேவாலயத்தைத் தாக்கின. அதைக் கண்டித்து ஜெனீவாவில் ஓர் அறிக்கை தயார் ஆனது.

கையெழுத்துப் போட்டால் ஹெல்லராவை இழக்கவேண்டும். அவர் போட்டார்.

ஜெர்மனி கொதித்தது. கலைக்கூடத்தின் கதவு அவருக்கு மூடியது. அப்போது அவருக்கு வயது 49. பல ஆண்டு உழைப்பு ஒரே கையெழுத்தில் போய்விட்டது.

ஆனாலும் அவர் ஓய்ந்துவிடவில்லை. மறு ஆண்டே, முன்பு முகம் சுளித்த அதே ஜெனீவாவில் சொந்தமாக ஒரு பயிற்சிக்கூடம் தொடங்கினார். கண் பார்வை இல்லாத பிள்ளைகளுக்கு என்று தனிப் பயிற்சிகளையும் வகுத்தார். 1950 ஜூலை 1-ந் தேதி, அதே நகரில் காலமானார். இன்னும் 5 நாள் இருந்திருந்தால் 85 வயது நிறைந்திருக்கும்.

முதியவர்கள் நடந்தார்கள்

வயதானவர்கள் நடந்துகொண்டே பேசினால், கவனம் சிதறிச் சிலர் தடுமாறிவிடுவார்கள். விழுந்தால் எலும்பு முறியும். டால்குரோஸ் பயிற்சி இதற்கு உதவுமா?

ஜெனீவா டாக்டர்கள் சோதித்தார்கள். 65 வயதைத் தாண்டிய 134 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை, 6 மாதம், பியானோவைக் கேட்டபடி நடந்தார்கள், திரும்பினார்கள், நின்றார்கள். மற்றப் பிரிவுக்கு அந்த 6 மாதம் பயிற்சி கிடையாது.

2010-ல் முடிவு வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்கள் கீழே விழுவது, பெறாதவர்களைவிட ஏறக்குறையப் பாதியாக இருந்தது.