யார் இந்த சுப்பாராவ்? குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதலில் பின்வாங்க வைத்த மருந்தின் கதை

கர்ப்பிணிகளுக்கு ஃபோலிக் ஆசிட் மாத்திரை கொடுப்பாங்களே, அதை ஆய்வகத்தில் தயாரிக்க வழி கண்ட குழுவின் தலைவர் எல்லாப்பிரகடா சுப்பாராவ். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோயை முதன்முதலில் பின்வாங்க வைத்த மருந்தும் அதே குழுவிடமிருந்துதான் வந்தது. இரண்டும் தனித்தனிக் கதை இல்லை. ஒன்றின் போலிதான் இன்னொன்று.

1895-ல் அன்றைய மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிகுலேஷனில் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை மெட்ராஸில் பாஸ். பிறகு மாநிலக் கல்லூரி, அடுத்து மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி. காந்தியின் அழைப்பைக் கேட்டு, அறுவை சிகிச்சைக்குக் கதர் அங்கி போட்டுக்கொண்டு போனார். ஆங்கிலேயப் பேராசிரியருக்குக் கோபம். கடைசியில் கையில் கிடைத்தது எம்.பி.பி.எஸ். இல்லை, அதைவிடக் குறைந்த எல்.எம்.எஸ். சான்றிதழ்.

உடன்பிறந்தவர்கள் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாமல், ரத்தசோகையில் கொண்டுபோய்த் தள்ளும் நோய் அது. பின்னாளில் அதற்கு மருந்தாக வந்தது எது தெரியுமா? அதே ஃபோலிக் ஆசிட்.

1922-ல் மனைவியை ஊரில் விட்டுவிட்டு பாஸ்டன் போனார். திரும்பி வரவே இல்லை. ஹார்வர்டில் படிப்பு, செலவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை, நோயாளிகளின் மலச்சட்டி கழுவுவது உட்பட. பயோகெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு ஃபிஸ்கே-சுப்பாராவ் முறை ஞாபகம் இருக்கும். பாஸ்பரஸை அளக்கும் அந்த முறை 1925-ல் வந்தது. நம் செல்களுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி.யைப் பிரித்தறிந்தவர்களிலும் அவர் ஒருவர். இவ்வளவு செய்தும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தர இடம் தரவில்லை. 1940-ல் லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார். (யானைக்கால் நோய்க்கு இன்றும் தரப்படும் டி.இ.சி. மாத்திரைகூட அவர் குழுவின் வேலைதான்.)

சரி, புற்றுநோய்க்கு வருவோம். 1940-களில் ஒரு குழந்தைக்குத் தீவிர ரத்தப் புற்றுநோய் என்றால் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். பாஸ்டன் டாக்டர் சிட்னி ஃபார்பர், இந்தக் குழந்தைகளுக்கு ஃபோலிக் ஆசிட் வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் இன்னும் வேகமெடுத்தது! காரணம் எளிது: செல் பெருக வேண்டுமென்றால் புது டி.என்.ஏ. வேண்டும், அதைச் செய்ய ஃபோலேட் வேண்டும். புற்றுநோய் செல்லுக்குத் தீனி போட்ட மாதிரி ஆகிவிட்டது.

அப்படின்னா தீனியை நிறுத்தினால்? சுப்பாராவ் குழு ஃபோலிக் ஆசிட் மாதிரியே இருக்கும் போலி ஒன்றை அனுப்பியது. பெயர் அமினோப்டெரின். மூலக்கூறில் ஓரிடத்தில் சின்ன மாற்றம், அவ்வளவுதான். செல்லின் என்சைம் அசல் என்று நினைத்து அதைப் பிடித்துக்கொள்ளும். பூட்டுக்குள் தப்புச் சாவி சிக்கிய கதைதான். 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது, தற்காலிகமாக. 1948 ஜூனில் ஃபார்பரின் கட்டுரை வெளியானது. ஆசிரியர் பட்டியலில் சுப்பாராவ் பெயர் இல்லை. ஆகஸ்டில், 53 வயதில் அவர் இறந்துபோனார்.

அமினோப்டெரினின் நெருங்கிய உறவான மெத்தோட்ரெக்ஸேட் இன்றும் இந்தக் குழந்தைகளின் சிகிச்சையில் இருக்கிறது: பராமரிப்புக் கட்டத்தில் வாரம் ஒருமுறை மாத்திரையாக, தேவைப்படும்போது முதுகுத்தண்டு நீரில் ஊசியாக. மற்ற மருந்துகளோடு சேர்ந்து, வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது குழந்தைகளை அது காப்பாற்றுகிறது. உயர் டோஸ் கொடுத்த பிறகு நல்ல செல்களைக் காக்கத் தருவது எதை? ஃபோலேட்டின் இன்னொரு வடிவத்தை.

இப்போது சிகிச்சை தொடங்கும்போதே செல்லின் மேல் இருக்கும் சி.டி.10, சி.டி.19 போன்ற புரதங்களையும், குரோமோசோம்களையும் பார்த்துவிடுகிறார்கள். சாதாரண செல்லில் 46 குரோமோசோம். சில குழந்தைகளின் புற்றுநோய் செல்லில் 50-க்கும் மேல். பயமுறுத்துகிற எண்ணிக்கை, ஆனால் நல்ல அறிகுறி. இந்த செல்களில் 21-வது குரோமோசோம் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். ஃபோலேட்டை உள்ளே இழுக்கும் புரதத்தின் மரபணு அதில்தான் இருக்கிறது. அந்த வாசல் வழியாகவே போலியும் நுழையும். மற்ற செல்களைவிட அதிகமாக மெத்தோட்ரெக்ஸேட்டைச் சேர்த்துக்கொண்டு, அந்த செல்கள் சீக்கிரம் சாகின்றன.