தேக்கைத் துளிர்க்க விட்டவர்: யார் இந்த ஹியூகோ வுட்?

சாமளாபுரத்தில் தறி ஓடாமல் பூட்டிக் கிடக்கிற ஏதாவது ஒரு கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பாருங்க. ஆள் கை படாத நிலத்தில் முதலில் புல் வரும். அப்புறம் எருக்கு, ஆடு போட்ட விதையில் சீமைக்கருவேலம். அந்த முள்மரத்தில் உட்கார்ந்த பறவையால் அடியில் ஒரு வேப்பங்கன்று. நிலம் தேறுகிற வரிசை இது.

இது மலைக்காட்டுக்கும் பொருந்துமா? பொள்ளாச்சி தாண்டி ஆனைமலைக்குப் போனால் பதில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் கப்பல் கட்டவும், பிறகு ரயில் தண்டவாளக் கட்டைக்கும் அங்கே தேக்கை வெட்டித் தள்ளினார்கள். உச்சியிலிருந்து மரத்தைச் சரித்துவிட்ட இடம்தான் டாப்ஸ்லிப். மலை மொட்டையானது.

1870-இல் பிறந்த வனத்துறை அதிகாரி ஹியூகோ வுட், 1910-களில் இங்கே பொறுப்புக்கு வந்தார். ஒரேயடியாக அழிக்காமல், பகுதி பகுதியாக, அடிக்கட்டையை விட்டு வெட்டச் சொன்னார். கரும்பில் மறுதாம்பு விடுகிறோமே, அதே கணக்குதான். பழைய வேரில் சேர்த்து வைத்த உணவு இருப்பதால், விதையில் வந்த கன்றைவிடத் துளிர் வேகமாக எழும். கைத்தடியால் மண்ணில் குழி போட்டு, பையிலிருந்த தேக்கு விதையைப் போட்டுக்கொண்டே நடப்பாராம். இந்தக் கதையை டாப்ஸ்லிப் போகிறவர்கள் கேட்காமல் திரும்ப முடியாது!

தேக்கு வந்தால் காடு வந்ததாகுமா?

இல்லைங்க. வுட் வளர்த்தது அரசுக்கு மரம் தரும் தோப்பு. அதைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது சரியில்லை. தேக்கு மட்டும் நிற்கிற இடத்தில் எல்லா உயிருக்கும் தீனி கிடைக்காது. ஆனால் வேரும் மண்ணும் மிஞ்சியதால்தான் மற்றவை வர முடிந்தது. 1976-இல் சரணாலயம், 2007-இல் புலிகள் காப்பகம் என்று பாதுகாப்பு கூடக்கூட, தேக்குகளுக்கு நடுவே மூங்கிலும் வேறு மரங்களும் மெல்ல நுழைகின்றன. யானையும் காட்டெருமையும் அங்கே மேய்கின்றன. காப்பகத்தின் உடுமலை, அமராவதி பகுதிகள் நம்ம திருப்பூர் மாவட்டத்தில்தான் இருக்கின்றன.

கல்யாணம் செய்துகொள்ளாத வுட், 1933-இல் குன்னூரில் இறந்தார். அவர் விரும்பியபடியே டாப்ஸ்லிப் பக்கம் மவுண்ட் ஸ்டூவர்ட்டில், தேக்கு மரங்களுக்கு நடுவே புதைத்தார்கள். கல்லறை இன்னும் அங்கேயே இருக்கிறது.