பாட்டில் விசுவாசத்தைப் பொதிந்து வைத்தவர்



திருவருகைக்காலம் பிறந்துவிட்டால் கற்பிட்டி, தலவில, சிலாபம் எனப் புத்தளம் மாவட்டத்துக் கரையோரமெங்கும் நத்தார் கீதங்கள் ஒலிக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆலயத்தில் பாடகர் குழு பயிற்சி பெறுகிறது. இல்லங்களில் பாலன் குடில் எழும்புகிறது. மாலையானதும் இளைஞர்கள் விளக்கேந்தி வீடு வீடாகச் சென்று பாலன் பிறப்பைப் பாடி அறிவிக்கிறார்கள். அந்த இராகங்கள் நம் செவிக்கு இனிமையானவை. சிறுவயது முதல் பழகியவை. ஆனால் அவற்றின் சொற்கள் நம் உள்ளத்தில் இறங்குகின்றனவா? இந்தக் கேள்வியோடு, இதே கரையோரத்தில் துயில்கொள்ளும் ஒரு குருவானவரின் வாழ்வை இந்த வாரம் உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

மா ஓயாவுக்கு வடக்கே, சிலாபம் மறைமாவட்டத்தைச் சேர்ந்த போலவத்தை ஆலயத்தில் அவரது கல்லறை இருக்கிறது. அவர் பெயர் ஜாக்கோமே கொன்சால்வெஸ். தமிழ்க் கத்தோலிக்கர் அவரைச் சாங்கோபாங்க சுவாமியார் என்றும் அழைத்தனர்.

குருவில்லாத முப்பது ஆண்டுகள்

அவருடைய பணியின் அருமையை உணர வேண்டுமானால், அக்காலத்தின் இருளை முதலில் அறிய வேண்டும். 1658ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தையும் மன்னாரையும் கைப்பற்றிய ஒல்லாந்தர், கத்தோலிக்கக் குருக்களை நாட்டைவிட்டு வெளியேற்றினர். குருவுக்கு அடைக்கலம் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அதன்பின் ஏறத்தாழ 30 ஆண்டுகள் நம் முன்னோர்கள் குருவின்றி, திருப்பலியின்றி வாழ்ந்தனர். 1687இல் புனித யோசேவ் வாஸ் அடிகளார் மாறுவேடத்தில் யாழ்ப்பாணத்தில் வந்திறங்கியபோதுதான் மீண்டும் விளக்கு ஏற்றப்பட்டது.

அந்த விளக்கும் புயலின் நடுவேதான் எரிந்தது. 1690ஐ ஒட்டிய ஒரு நத்தார் இரவில், பாலனை ஆராதிக்க யாழ்ப்பாணத்தில் மறைவாகக் கூடிய விசுவாசிகளை ஒல்லாந்துப் படையினர் சுற்றிவளைத்துக் கைதுசெய்தனர். நாம் வண்ண விளக்குகளின் ஒளியில் கொண்டாடும் இரவு, அவர்களுக்குச் சிறைக்குச் சென்ற இரவாயிற்று. அதன்பின் வாஸ் அடிகளார் கண்டி அரசின் எல்லைக்குட்பட்டிருந்த புத்தளத்துக்கு வந்து இப்பகுதி மக்களிடையே பணிபுரிந்தார். 1692இல் கண்டி சென்றார்.

இரு மொழிகளின் தொண்டர்

வாஸ் அடிகளாருக்குத் துணையாக 1705இல் இலங்கை வந்தவரே கொன்சால்வெஸ் அடிகளார். 1676இல் கோவாவின் திவார் தீவில் பிறந்தவர். கொங்கணி பேசும் குடும்பத்தின் பிள்ளை. புனித பிலிப்பு நேரியாரின் பெயரால் கோவாவில் இயங்கிய ஒரத்தோரியன் சபையின் உறுப்பினர். தமிழும் சிங்களமும் அவருக்குத் தாய்மொழிகள் அல்ல. ஆயினும் தமிழைக் கற்றுத் தேர்ந்தார். பின்பு கண்டியில் சிங்களத்தையும் அதன் இலக்கிய மரபையும் ஆழமாகப் பயின்றார். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட வீர நரேந்திரசிங்க மன்னரின் நன்மதிப்பையும் பெற்றார்.

ஒரு குரு எத்தனை ஊர்களுக்குச் செல்ல முடியும்? காடும் களப்பும் கடந்து ஓர் ஊரை அடைவதற்குள் மற்றோர் ஊரில் ஆண்டு கடந்துவிடும். ஒற்றர்களின் கண்ணுக்கும் தப்ப வேண்டும். எனவே, தாம் போக முடியாத இடத்துக்குத் தம் எழுத்து போகட்டும் என்று அவர் தீர்மானித்தார். இரு மொழிகளிலுமாக 30க்கு மேற்பட்ட நூல்களை இயற்றினார். ஞாயிறு நற்செய்திகளுக்கு விளக்கங்கள், மறைக்கல்வி நூல்கள், அகராதிகள், செய்யுள்கள், இசைப்பாடல்கள் எனப் பலவும் அவற்றுள் அடங்கும். ஒல்லாந்தர் 1737இல் கொழும்பில் அச்சுக்கூடம் நிறுவினர். அடிகளாருக்கோ ஓலையும் எழுத்தாணியுமே இருந்தன. படியெடுக்கப்பட்ட அந்த ஏடுகள் ஊர் ஊராகச் சென்றன. குருவில்லாத நாள்களில் மூப்பர்களும் அண்ணாவிமார்களும் அவற்றை வாசிக்க, மக்கள் கேட்டனர். பாட, மக்கள் மனனம் செய்தனர்.

ஏட்டைப் பறிமுதல் செய்யலாம், ஆலயத்தைப் பூட்டலாம். ஒரு தாய் தன் குழந்தைக்குப் பாடிக் கொடுத்த பாட்டை எந்தப் படைவீரனால் பறிக்க முடியும்? எழுத்தறியாத மீனவனுக்கும் பாட்டு மறைக்கல்வியாயிற்று.

1742ஆம் ஆண்டு யூலை 17ஆம் நாள், தமது 66ஆவது வயதில், போலவத்தையில் அவர் இறைவனடி சேர்ந்தார். 37 ஆண்டுகள் இந்நாட்டுக்கு உழைத்தவர் தம் பிறந்த மண்ணுக்குத் திரும்பவில்லை.

தொழுவமும் சிலுவையும்

இவருடைய படைப்புகளில் மக்கள் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்தவை பாடுகளைப் பற்றியவையே. தவக்காலத்தில் தமிழ்ப் பங்குகளில் வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கமும், சிங்களப் பங்குகளில் இசைக்கப்படும் பசாமும் அவர் தந்த செல்வங்கள். அவ்வாறானால் நத்தார் காலத்தில் அவரை ஏன் நினைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம்.

நற்செய்தியைத் திறந்து பாருங்கள். மரியா தம் மகனைத் துணியில் பொதிந்து தீவனத் தொட்டியில் கிடத்தியதாக லூக்கா எழுதுகிறார் (லூக் 2:7). சிலுவையினின்று இறக்கப்பட்ட உடலை அரிமத்தியா யோசேப்பு துணியால் சுற்றிக் கல்லறையில் வைத்ததாகவும் அவரே எழுதுகிறார் (லூக் 23:53). ஞானிகளின் காணிக்கையில் ஒன்று வெள்ளைப்போளம் (மத் 2:11). நிக்கதேம் இயேசுவின் அடக்கத்துக்குக் கொண்டுவந்ததிலும் வெள்ளைப்போளம் கலந்திருந்தது (யோவா 19:39). தொழுவத்திலேயே சிலுவையின் நிழல் விழுகிறது. நம் கீதங்கள் குளிரையும் வறுமையையும் இடமில்லாத சத்திரத்தையும் மீண்டும் மீண்டும் பாடுவது வெறும் அழகுக்காக அல்ல. தம்மையே கையளிக்க வந்த இறைவனின் பயணம் அங்கேதான் தொடங்குகிறது என்பதற்காகவே.

வேறொரு நாட்டிலும் இதே காலத்தில் இதைப் போன்ற ஒன்று நிகழ்ந்தது. விசுவாசிகளைப் பெத்லகேமுக்கு அழைக்கும் அடெஸ்தே ஃபிதேலெஸ் என்ற இலத்தீன் கீதத்தை நீங்கள் அறிவீர்கள். இன்று கிடைக்கும் அதன் மிகப் பழைய படிகள் 1740களில் யோன் பிரான்சிஸ் வேட் என்ற பொதுநிலையினர் தம் கையால் எழுதியவை. இங்கிலாந்தில் கத்தோலிக்க வழிபாடு சட்டத்தால் தடுக்கப்பட்டிருந்த நாள்களில், பிரான்சின் டூவே நகரில் வாழ்ந்த ஆங்கிலக் கத்தோலிக்கரிடையே அவர் பணியாற்றினார். அக்கீதத்தின் ஒரு பகுதி, 325ஆம் ஆண்டு நிசேயா பொதுச்சங்கம் அறிக்கையிட்ட விசுவாசத்தையே பாடுகிறது: தொழுவத்துக் குழந்தை படைக்கப்பட்டவர் அல்லர், தந்தையோடு ஒன்றான கடவுள். ஞாயிறுதோறும் நாம் அறிக்கையிடும் விசுவாசமே நத்தார் இரவில் இசையாகிறது. அங்கே தாளில் எழுதியதும் இங்கே ஓலையில் எழுதியதும் ஒரே விசுவாசத்தைத்தான்.

உங்கள் இல்லத்துக்கு

அன்பானவர்களே, இன்று நம் ஆலயங்களைச் சுற்றி ஒல்லாந்துப் படைகள் நிற்கவில்லை. ஆயினும் பாட்டுகள் நம்மிடமிருந்து மெல்ல நழுவுகின்றன. இக்கரையோரத்தில் பாட்டி தமிழில் செபிக்க, பேரப்பிள்ளை சிங்களத்தில் படிக்கும் குடும்பங்கள் உண்டு. பாட்டி நெஞ்சில் சுமந்திருக்கும் பழைய கீதத்தின் பொருளை யாரும் கேட்காவிட்டால், அவரோடு அதுவும் அடக்கம் செய்யப்படும். இரு மொழிகளையும் நேசித்துக் கற்ற அந்தக் கோவாக் குரு, எந்த மொழி என்று சண்டையிடச் சொல்லமாட்டார்; எந்த மொழியானாலும் பொருளுணர்ந்து பாடவே சொல்வார்.

எனவே இந்த நத்தாருக்கு ஒன்று செய்யுங்கள். குடிலின் முன் குடும்பமாக அமர்ந்து, ஒரு பழைய கீதத்தைப் பாடுவதற்கு முன் அதன் சொற்களை மெதுவாக வாசியுங்கள். விளங்காத சொல்லைப் பெரியவர்களிடம் கேளுங்கள். அது நற்செய்தியின் எந்தப் பகுதியிலிருந்து பிறந்தது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். அதன்பின் பாடுங்கள்.

முதல் நத்தார் கீதத்தை வானதூதர்கள் அரண்மனையில் பாடவில்லை. இரவில் கண்விழித்து மந்தை காத்த ஏழைகளுக்கே பாடினார்கள். இரவுக் கடலில் வலைவீசிக் கண்விழித்த நம் முன்னோருக்கு அது எளிதில் விளங்கியிருக்கும். கேட்ட இடையர்கள் பாட்டை இரசித்தபடி இருந்துவிடவில்லை. எழுந்து பெத்லகேமுக்குச் சென்றார்கள். நாமும் பாடிவிட்டு, பாலனைத் தேடி எழுவோம். பசித்தவரிலும் நோயுற்றவரிலும் தனித்திருப்பவரிலும் அவர் நமக்காகக் காத்திருக்கிறார்.

பிறக்கும் பாலன் உங்கள் இல்லங்களை ஆசீர்வதிப்பாராக.