சூலியா தெருவில் இருந்த சீன டாக்டர்

பினாங்கு சூலியா தெரு நம்மவர்களுக்குப் புதிதல்ல. நம் பாட்டன்மார் கப்பலிறங்கிக் கடை போட்ட தெரு அது. அதே தெருவில் 1904-ம் வருடக் கடைசியில் ஒரு சீன வாலிபர் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். பிற்காலத்தில் ஒரு பெருங்கொள்ளை நோயைத் தடுத்து நிறுத்தியவர் அவர். 2020-ல் கடையைப் பூட்டிவிட்டு வீட்டில் அடைந்து கிடந்த நாட்களில்தான் நாமே அவரைப்பற்றிக் கேள்விப்பட்டோம். அவர் பெயர் டாக்டர் வூ லியன் தே.

1879-ல் பினாங்கில் பிறந்தவர். தகப்பனார் சீனாவிலிருந்து பிழைக்க வந்த பொற்கொல்லர். பினாங்கு பிரீ ஸ்கூலில் படித்து, ராணியார் பெயரால் வழங்கிய உபகாரச் சம்பளத்தைப் பெற்று, கேம்பிரிட்ஜ் சென்று டாக்டரானார். இத்தனை படித்தும் சர்க்காரில் உயர்ந்த உத்தியோகம் கிடைக்கவில்லை. அவையெல்லாம் வெள்ளைக்காரருக்கென்றே இருந்த காலம் அது. கோலாலம்பூரில் சிறிது காலம் பெரிபெரி நோயை ஆராய்ந்துவிட்டுச் சூலியா தெருவுக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் அபின் வியாபாரத்தின் மேல் கை வைத்தார். அன்று அது பகிரங்கமான தொழில். சர்க்காருக்கே பெரிய வருமானம். 1906-ல் அவர் கூட்டிய அபின் எதிர்ப்பு மாநாட்டுக்குச் சுமார் 2,000 பேர் வந்தனர். மறு வருடமே அவருடைய மருந்தறையைச் சோதனை போட்டு, அங்கிருந்த ஓர் அவுன்ஸ் அபின் மருந்தைக் காட்டி அபராதம் விதித்தார்கள். லாபத்துக்கு இடையூறு செய்பவனை வியாபார உலகம் எப்படி நடத்தும் என்பதை நினைத்தால் நமக்கே கூச்சமாக இருக்கிறது. 1908-ல் அவர் சீன தேசம் போய், தியென்சின் ராணுவ வைத்தியக் கல்லூரியில் உதவித் தலைவரானார்.

1910 குளிர்காலத்தில் மஞ்சூரியாவில் பிளேக் வெடித்தது. அதன் ஆரம்பம் ஒரு சரக்கு. தர்பகான் என்று அணில் இனத்தைச் சேர்ந்த, வளையில் வாழும் ஒரு பருத்த பிராணி அங்குண்டு. அதன் ரோமத்தோலுக்குச் சாயமேற்றினால் விலையுயர்ந்த சேபிள் தோலைப்போல் இருக்கும் என்று கண்டதும் வெளிநாட்டுச் சந்தையில் கிராக்கி ஏறிற்று. விலை பல மடங்காயிற்று. பழைய மங்கோலிய வேட்டைக்காரர்கள் நோயுற்றுத் தள்ளாடும் பிராணியைத் தொடமாட்டார்கள். விலையைக் கேட்டு ஓடிவந்த புதிய கூலிகளுக்கு அந்த விவரம் தெரியாது. கிடைத்ததையெல்லாம் பிடித்துத் தோலுரித்தார்கள். இரவில் சத்திரங்களில் நெருக்கியடித்துப் படுத்தார்கள். பிறகென்ன, தோல் போன அதே ரயிலில் நோயும் ஏறி ஹார்பின் நகருக்கு வந்தது. அங்கிருந்து தெற்கேயும் இறங்கிற்று.

டிசம்பர் 24-ந் தேதி டாக்டர் ஹார்பினில் போய் இறங்கினார். பிளேக் என்றால் எலி, தெள்ளுப்பூச்சி என்றே அன்று எல்லோரும் நம்பினார்கள். அவரோ ஒரு பிரேதத்தை ரகசியமாக அறுத்துப் பார்த்து, இது நுரையீரலைத் தாக்குவது, மூச்சுக் காற்றில் பரவுவது என்று முடிவு செய்தார். சல்லாத் துணியில் பஞ்சை வைத்து மூக்கையும் வாயையும் மூடிக் கட்டச் சொன்னார். பிரெஞ்சு டாக்டர் மெனி என்பவர், வயதிலும் அனுபவத்திலும் மூத்தவர், இதை ஏளனம் செய்து முகம் மூடாமல் நோயாளிகளைப் பார்க்கப் போனார். சில நாட்களில் இறந்தார். அதன் பிறகு ஊரே மூடிக்கொண்டது.

பூமி பனியில் இறுகிக் கிடந்ததால் குழி வெட்ட முடியவில்லை. 2,000-க்கு மேற்பட்ட சவங்கள் வெளியில் கிடந்தன. அவற்றை எரிக்க டாக்டர் அரசாங்க உத்தரவு கேட்டார். முன்னோர் கல்லறையை உயிராக மதிக்கும் ஜனங்கள் அவர்கள். மய்யித்தை அடக்கம் செய்யும் வழக்கமுள்ள நமக்கு அந்த முடிவின் பாரம் விளங்கும். பீக்கிங்கிலிருந்து உத்தரவு வந்தது. ஜனவரி முடிவில் எரித்தார்கள்.

அப்போது சீனப் புத்தாண்டுக் காலம். கூலிகள் ஊருக்குத் திரும்பும் சமயத்தில் ரயில் போக்குவரத்து தடுக்கப்பட்டது. நோயாளிகளோடு பழகினவர்களைச் சரக்கு வண்டிகளில் தனியே வைத்துக் கவனித்தார்கள். கொள்ளை நோய் கண்ட ஊருக்குள் போவதும், அங்கிருந்து ஓடிவருவதும் கூடாதென்று நாம் மதரசாவில் ஓதியதுதானே! வியாபாரம் நின்றது, நஷ்டம் வந்தது. ஆனால் 1911 மார்ச் முதல் தேதியோடு ஹார்பினில் நோய் நின்றது. அதற்குள் சுமார் 60,000 பேர் மாண்டிருந்தனர். ஏப்ரலில் முக்டனில் 11 தேசத்து நிபுணர்கள் கூடிய மாநாட்டுக்கு அவரே தலைவர், வயது 32.

1930 முதல் சீனத் துறைமுகங்களின் நோய்த்தடுப்புக் காவல் அவர் பொறுப்பில் இருந்தது. 1937-ல் ஜப்பானியர் படையெடுக்கவே மலாயாவுக்குத் திரும்பி ஈப்போவில் சாதாரண வைத்தியராகப் பல வருடம் தொழில் செய்தார். 1960 ஜனவரி 21-ல் பினாங்கிலேயே காலமானார்.