நடனம் மட்டுமா? நாய்க்கும் மாட்டுக்கும் சட்டம் கேட்ட ருக்மிணி தேவி!

மேலநீலிதநல்லூர்ல சங்கரன்கோவில் பஸ்ஸுக்காக நிக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. எதிர் டீக்கடை வாசல்ல ஒரு நாய் சுருண்டு படுத்திருக்கு. அதோட காது நுனி லேசா வெட்டியிருந்தா, யாரோ கொடுமைப்படுத்திட்டாங்கன்னு நினைக்காதீங்க. கருத்தடை முடிஞ்சுதுங்கிறதுக்கு அடையாளம் அது.

தெருநாய்களைக் கொன்று குறைக்காமல், கருத்தடை செய்து தடுப்பூசி போடச் சொல்லும் விதிகள் 2001-ல் வந்தன. அவற்றின் தாய்ச் சட்டம் 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம். அதற்கு வித்திட்டவர், பரதநாட்டியத்தோட மட்டுமே நீங்க சேர்த்துப் படிச்சிருக்கக்கூடிய ருக்மிணி தேவி அருண்டேல்!

1904 பிப்ரவரி 29 அன்று மதுரையில் பிறந்தவர். 16 வயதில் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது ஊரே கொந்தளித்தது. 1935-ல் அடையாறில் மேடையேறி ஆடியபோதும் அதே கதைதான். அசரவில்லை. அடுத்த வருஷமே கலாக்ஷேத்ராவைத் தொடங்கிவிட்டார்.

1952-ல் மாநிலங்களவை நியமன உறுப்பினரானார். கலைக்காகப் பேசுவார் என்று பார்த்தால், விலங்குகளுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு உறுதி சொல்ல, தன் மசோதாவைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். யோசிச்சுப் பாருங்க... பார்த்துப் பார்த்து உருவாக்கின ஒன்றை, காரியம் நடந்தா போதும்னு விட்டுக்கொடுக்க நமக்கு மனசு வருமா?

சட்டம் வந்தது. ஆனா, அவர் ஆசைப்பட்ட அளவுக்கு இல்லை. மதத்தின் பேரில் பலியிடுவதற்கு விலக்கு, ஆய்வுக்கூடச் சோதனைகளுக்கு அனுமதி. முதல்முறை கொடுமைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான். தெருநாய்களைக் கொல்லவும் அதில் வழி இருந்தது. அதற்காக அவர் ஒதுங்கிவிடவில்லை. 1962-ல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரானார். 1977-ல் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்க அழைத்தும் மறுத்துவிட்டார். வாரியப் பணியை மட்டும் 1986-ல் இறக்கும்வரை விடவில்லை.

அதே சென்னையில் 1959-ல், விமானி கேப்டன் சுந்தரம் குடும்பத்தினர் ப்ளூ கிராஸ் அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்யும் வழியை 1964-ல் அவர்கள் கையிலெடுத்தார்கள். மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆனது. அதைப் பார்க்க ருக்மிணி தேவி இல்லை. அவர் இறந்து பத்து வருஷம் ஓடியிருந்தது.

அபராதத் தொகை குறைவுதான். ஆனா வாயில்லா ஜீவனை அடிப்பது குற்றம் என்று சொல்ல இன்னிக்கு நம்ம கையில ஒரு சட்டம் இருக்கு. அடுத்தமுறை யாராவது நாய்மேல கல்லெடுத்தா, சும்மா வேடிக்கை பார்க்காம, அதை ஞாபகப்படுத்துங்க!