ருடால்ஃப் டீசல்

ருடால்ஃப் டீசல் (மார்ச் 18, 1858 – செப்டம்பர் 29, 1913) ஒரு ஜெர்மானியப் பொறியியலாளர். தம் பெயராலேயே அழைக்கப்படும் டீசல் எந்திரத்தைக் கண்டுபிடித்தவர். தீப்பொறியின் உதவியின்றி, அமுக்கப்பட்ட காற்றின் வெப்பத்தைக் கொண்டே எரிபொருளைப் பற்றவைப்பது இவ்வெந்திரத்தின் சிறப்பியல்பு ஆகும். டீசல் வண்டிகளுக்கே உரிய தடதடக்கும் ஓசையும் இம்முறையிலிருந்தே பிறக்கின்றது. ஆயினும் இவர் உருவாக்கிய எந்திரம், அவ்வோசைக்குக் காரணமான திடீர் அழுத்த உயர்வு இல்லாமல் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டது.

இளமையும் கல்வியும்

டீசல் பிரான்சின் தலைநகரான பாரிசில் பிறந்தார். இவருடைய பெற்றோர் ஜெர்மனியின் பவேரியாப் பகுதியைச் சேர்ந்தவர்கள். தந்தை தோல் பொருட்கள் செய்து விற்று வந்தார். 1870 இல் பிரான்சுக்கும் பிரசியாவுக்கும் இடையே போர் மூண்டதால் இக்குடும்பம் பாரிசை விட்டு வெளியேறி இலண்டனுக்குச் சென்றது. பன்னிரண்டு வயதான டீசல், ஆக்ஸ்பர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டிற்கு அனுப்பப்பட்டு அங்கே பள்ளிக்கல்வி பெற்றார். 1875 இல் உதவித்தொகையுடன் மியூனிக் பல்தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கு, குளிர்பதனத் துறையின் முன்னோடியான கார்ல் வான் லின்டே இவருடைய பேராசிரியராக இருந்தார். டைபாய்டு காய்ச்சலால் 1879 இல் இறுதித் தேர்வை எழுத இயலாமல் போனது. 1880 இல் அத்தேர்வை எழுதி மிகச் சிறப்பாகத் தேறினார்.

பின்னர் லின்டேயின் குளிர்பதன நிறுவனத்திற்காகப் பாரிசில் பணியாற்றினார். 1883 இல் மார்த்தா ஃபிளாஷேயை மணந்தார். இவர்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தனர்.

எந்திரத்தின் பிறப்பு

அக்காலத்து நீராவி எந்திரங்கள் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை மட்டுமே பயனுள்ள வேலையாக மாற்றின. மேலும், பெரிய ஆலைகளால்தான் அவற்றைச் சிக்கனமாக இயக்க முடிந்தது. சிறு தொழிலாளர்களும் கைவினைஞர்களும் தம் பட்டறையிலேயே வைத்துக்கொள்ளத்தக்க சிக்கனமான எந்திரம் ஒன்றை உருவாக்க டீசல் விரும்பினார்.

1892 இல் இவர் விண்ணப்பித்த காப்புரிமை 1893 இல் வழங்கப்பட்டது. வெப்பநிலை மாறாமல் எரிபொருளை எரிப்பது முதல் திட்டமாக இருந்தது. அது நடைமுறைக்கு ஒவ்வாது என்பதை உணர்ந்து, அழுத்தம் ஏறத்தாழ மாறாத நிலையில் எரிக்கும் முறைக்கு மாறினார். ஆக்ஸ்பர்க் எந்திரத் தொழிற்சாலையும் குருப் நிறுவனமும் சோதனைகளுக்கு ஆதரவு அளித்தன. ஆகஸ்ட் 10, 1893 இல் நடந்த முதல் சோதனையில், எதிர்பாராத அழுத்தத்தால் அளவுக்கருவி வெடித்துச் சிதறியது. பிப்ரவரி 17, 1894 இல் எந்திரம் முதன்முறையாகத் தன் ஆற்றலால், ஏறத்தாழ ஒரு நிமிடம் இயங்கியது. 1897 இல் பேராசிரியர் மோரிட்ஸ் ஷ்ரோட்டர் நடத்திய சோதனையில் இதன் வெப்பத்திறன் 26.2% எனக் கண்டறியப்பட்டது.

ஓசையின் காரணம்

காற்றை விரைவாக அமுக்கினால் அது சூடாகும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பு சூடாவதற்கு இதுவும் ஒரு காரணம். டீசல் எந்திரத்தின் உருளையில் காற்று பதினைந்து மடங்கு அல்லது அதற்கு மேலும் அமுக்கப்படுகின்றது. அந்தச் சூடான காற்றில் எரிபொருள் பீய்ச்சப்படும்போது அது உடனே எரிவதில்லை. துளிகள் ஆவியாகிக் காற்றுடன் கலந்து பற்றிக்கொள்ள, ஏறத்தாழ ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகும். இத்தாமதத்தின்போது சேர்ந்துவிட்ட எரிபொருள் ஒரே கணத்தில் எரிவதால் அழுத்தம் செங்குத்தாக உயர்கின்றது. சுத்தியலால் அடித்ததைப் போன்ற இத்தாக்கம் எந்திரத்தின் சுவர்களை அதிரச் செய்கின்றது. அந்த அதிர்வே நாம் கேட்கும் ஓசை. குளிர்ந்த நிலையில் தாமதம் கூடுதலாக இருப்பதால் ஓசையும் மிகுகின்றது.

டீசலின் எந்திரத்தில் எரிபொருள், உயர் அழுத்தக் காற்றின் துணையுடன் தூவப்பட்டு உருளைக்குள் படிப்படியாகச் செலுத்தப்பட்டது. எரிதல் சீராக நிகழ்ந்தமையால் தாக்கமும் ஒப்பீட்டளவில் மென்மையாக இருந்தது. ஆனால் அதற்குத் தேவையான காற்றமுக்கி எடைமிக்கதாகவும் விலை உயர்ந்ததாகவும் இருந்தது. இதனால் எந்திரம் மின் நிலையங்களிலும் கப்பல்களிலுமே பெரிதும் இடம்பெற்றது. சிறிய பட்டறைக்கான எந்திரம் என்ற இவருடைய கனவுக்கு இவருடைய அமைப்பே தடையாக நின்றது.

இறுதிக் காலம்

உரிமங்களை விற்றதன் மூலம் டீசல் பெருஞ்செல்வர் ஆனார். எனினும் காப்புரிமை வழக்குகள், உடல்நலக் குறைவு, தவறான முதலீடுகள் ஆகியவற்றால் கடும் நெருக்கடிக்கு உள்ளானார். செப்டம்பர் 29, 1913 இரவு, ஆண்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்தின் ஹார்விச்சுக்குச் சென்ற டிரெஸ்டன் என்னும் கப்பலில் இருந்து காணாமல் போனார். சில நாட்களுக்குப் பின் டச்சுப் படகு ஒன்று கடலில் ஓர் உடலைக் கண்டது. அதிலிருந்து எடுக்கப்பட்ட பொருட்கள் இவருடையவை என்று மகன் ஆய்கன் அடையாளம் காட்டினார். இது தற்கொலை எனப் பெரும்பாலோர் கருதுகின்றனர். விபத்து, கொலை ஆகிய கருத்துகளும் உள்ளன.

பிற்கால வளர்ச்சி

1920களில் காற்றமுக்கிக்கு மாற்றாக, எரிபொருளை நேரடியாக அழுத்திப் பீய்ச்சும் பம்புகள் பரவின. எந்திரம் சிறியதாகி லாரிகளிலும் உழவு எந்திரங்களிலும், 1936 முதல் மெர்சிடிஸ்-பென்ஸ் 260 டி போன்ற கார்களிலும் இடம்பெற்றது. அதனுடன் ஓசையும் கூடியது. 1997 இல் கார்களில் அறிமுகமான காமன் ரெயில் முறை, முதன்மைப் பீய்ச்சலுக்கு முன் சிறிதளவு எரிபொருளைச் செலுத்தித் தாமதத்தைக் குறைக்கின்றது. இவ்வாறு, டீசல் விரும்பிய சீரான எரிதலை நோக்கி அவருடைய எந்திரம் மீண்டும் நகர்ந்துள்ளது.