பட்டச் சான்றிதழையே திருத்த வைத்த பெண்: யார் இந்த ஏ.லலிதா?

தேனி மாவட்டப் பெண்கள் இன்னைக்கு போடி அரசு பொறியியல் கல்லூரியில கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாங்க. தமிழகத்தில் பொறியியல் கதவை முதலில் திறந்தவர்களில் ஒருவர் ஏ.லலிதா.

1919இல் சென்னையில் பிறந்தார். 15 வயதில் திருமணம். 18 வயதில் கைக்குழந்தையோடு கணவரை இழந்தார். ஆனாலும் படிக்கணும்னு முடிவெடுத்தார்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் அப்போ எல்லாருமே ஆண்கள். அங்கே பேராசிரியராக இருந்த அப்பா பப்பு சுப்பாராவ், பேசி இடம் வாங்கினார். பிறகு லீலாம்மா ஜார்ஜ், பி.கே.திரேசியா இருவரும் சேர, லலிதாவின் தனிமை தீர்ந்தது.

பட்டச் சான்றிதழில் ஆணைக் குறிக்கும் சொல்தான் அச்சாகியிருந்தது. அதை அடிச்சு, பெண்ணுக்கான சொல்லை எழுதிக் கொடுத்தாங்க!

பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிப் பணியிலும் பங்காற்றிய லலிதா, 1979இல் மறைந்தார். அடித்துத் திருத்த வேண்டிய தேவை இன்றைய மாணவிகளுக்கு இல்லை.